கல்லூரி விண்ணப்பக் கட்டுரைத் தலைப்பு

கல்லூரி விண்ணப்பக் கட்டுரை என்பது, உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் இடம் கோரும் மாணவர் தமது மதிப்பெண் சான்றுகளுடன் சேர்த்து எழுதி அனுப்பும் சிறு உரைநடை ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பாலான தனியார் பல்கலைக்கழகங்கள் இதனைக் கேட்கின்றன. இந்தியாவில் அசோகா பல்கலைக்கழகம், தமிழக எல்லையை அடுத்து ஆந்திரத்தின் சிறீ சிட்டியில் இயங்கும் கிரியா பல்கலைக்கழகம் போன்ற சில தனியார் நிறுவனங்களும் கேட்கின்றன. இக்கட்டுரைகளில் ஒரு வகை மாணவரின் அறிவார்வத்தைப் பற்றியது. மாணவரை எந்தப் பொருள் ஈர்க்கிறது, ஏன் ஈர்க்கிறது, அதனைப் பற்றி மேலும் அறிய அவர் என்ன செய்தார் என்பனவே இங்கு வினா. இவ்வகைக் கட்டுரையில் எழுதுவதைக் காட்டிலும் தலைப்பைத் தேர்வதே கடினமானது.

தமிழ்நாட்டில் இவ்வழக்கம் பரவலாக அறியப்படாதது. மாநிலத்தின் கலை, அறிவியல், பொறியியல் கல்லூரிகளில் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே நடைபெறுகிறது. 1984 இல் தொழிற்கல்விக்குக் கொண்டுவரப்பட்ட மாநில நுழைவுத் தேர்வும் 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆகவே, தன்னைப் பற்றித் தானே எழுதி இடம் கேட்கும் பழக்கம் இங்குள்ள மாணவருக்குப் பள்ளியில் வாய்ப்பதில்லை. முழு உதவித்தொகை இன்றி வெளிநாட்டிலோ தனியார் பல்கலைக்கழகத்திலோ சேர இயலாத மாணவர் ஒருவருக்கு, 650 சொற்களுக்குள் அடங்கும் இவ்வுரை பல இலட்சம் உரூபாய் பெறுமதியுள்ளதாகிவிடுகிறது.

தோற்றம்

1920களில் ஐக்கிய அமெரிக்காவின் சில பழம்பெரும் தனியார் பல்கலைக்கழகங்கள் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் கொண்டு மாணவரைச் சேர்ப்பதைக் கைவிட்டன. நுழைவுத் தேர்வில் யூத மாணவர் பெருமளவில் வெற்றி பெற்றதே இதற்கு முதன்மைக் காரணம். ஒழுக்கம், தலைமைப் பண்பு, குடும்பப் பின்னணி ஆகியவற்றை அறிவதற்கென நீண்ட விண்ணப்பப் படிவம், நேர்காணல், பரிந்துரை மடல் முதலியன புகுத்தப்பட்டன. இன்று மாணவரின் தனித்தன்மையைக் காணும் கருவியாகப் போற்றப்படும் கட்டுரையும் இம்மரபிலிருந்தே வளர்ந்தது.

1975 இல் 15 கல்லூரிகள் சேர்ந்து காமன் அப்ளிகேசன் எனப்படும் பொது விண்ணப்ப முறையைத் தொடங்கின. பின்னர் பல நூறு நிறுவனங்கள் இதில் இணைந்தன. இதன் முதன்மைக் கட்டுரை 250 முதல் 650 சொற்கள் வரை அமையலாம். மாணவர் தேர்ந்துகொள்ளத் தரப்படும் வினாக்களுள் ஒன்று, நேரம் போவதே தெரியாமல் மூழ்கச் செய்யும் ஒரு கருத்து அல்லது பொருளைப் பற்றியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் எட்டு வினாக்களைத் தந்து நான்கிற்கு 350 சொற்களுக்கு மிகாமல் விடை கேட்கிறது. அவற்றுள் ஒன்று மனத்தைத் தூண்டிய பாடத்தைப் பற்றியது. ஐக்கிய இராச்சியத்தின் யூகாசு விண்ணப்பத்தில் 4000 எழுத்துகளுக்குள் தன்னுரை எழுதவேண்டும். 2026 சேர்க்கையிலிருந்து அது மூன்று வினாக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அங்கு மாணவர் தாம் சேர விரும்பும் ஒரே பாடத்தைப் பற்றியே எழுதுவதால் தலைப்புத் தேர்வுச் சிக்கல் குறைவு.

துறையும் கேள்வியும்

மாணவர் பலர் தலைப்பு என்று முதலில் குறித்துக்கொள்வது ஒரு துறையின் பெயரையே. இயற்பியல், வானியல், கணினி, வரலாறு என்பன துறைகள். துறையின் மேல் ஆர்வம் உண்டு என்று எவரும் எழுதிவிடலாம். அதைப் படிப்பவருக்கு எழுதியவரைப் பற்றி எதுவும் தெரியாது. கேள்வி அப்படியன்று. ஒரு குறிப்பிட்ட கேள்வி ஒருவருக்குத் தோன்றியதற்கு இடம், நேரம், காரணம் உண்டு. அதன் பின்னே சென்றதற்குத் தடயமும் உண்டு. படித்த நூல், கேட்ட ஆள், எழுதிவைத்த கணக்கு, தவறிப்போன முயற்சி ஆகியவையே அத்தடயம்.

எடுத்துக்காட்டாக, தாவரவியல் என்பது துறை. கன்னியாகுமரி மாவட்ட ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டு ஏன் விடியலுக்கு முன் தொடங்குகிறது என்பது கேள்வி. பால் வெட்டும் குடும்பத்துப் பிள்ளைக்கு, வெயில் ஏறினால் பால் குறையும் என்பது தெரிந்த செய்தி. இரவில் இலைகளின் வழியே நீர் அதிகம் வெளியேறாததால் பட்டையினுள் பால் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கிறது. பகலில் இலைகள் நீரை இழக்க, அழுத்தம் தாழ்கிறது, பாலின் ஓட்டமும் தளர்கிறது. இவ்விடையைப் பாடநூலிலிருந்து எடுத்தெழுதுவதில் சிறப்பில்லை. மழைநாளுக்கு மறுநாள், வெப்பக்காற்று வீசும் நாள், இலையுதிர் காலம் என்று பல நாட்கள் சிரட்டையில் விழுந்த பாலை அளந்து குறித்த மாணவரிடம், பாடநூல் கூறாத ஏதேனும் ஒன்று இருக்கும். கட்டுரைக்கு உரியது அதுவே.

தலைப்பு பெரியதாக இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் தமிழ்நாட்டு மாணவரிடையே வலுவானது. கருந்துளை, செயற்கை நுண்ணறிவு, புற்றுநோய்க்கு மருந்து போன்றவை அடிக்கடி தேர்ந்தெடுக்கப்படுகின்றன. இவை தவறான தலைப்புகள் அல்ல. ஆயினும், ஒரு காணொளியைப் பார்த்து ஏற்பட்ட வியப்பு மட்டுமே கைவசம் இருக்குமானால் மூன்றாம் பத்தியிலேயே செய்தி தீர்ந்துவிடும்.

இராமானுசனின் மடல்

சீனிவாச இராமானுசன் 1913 சனவரி 16 அன்று கேம்பிரிட்சு கணிதவியலாளர் ஜி. எச். ஆர்டிக்கு எழுதிய மடல் கல்லூரி விண்ணப்பம் அன்று. எனினும், அறிவார்வத்தை மட்டும் முன்வைத்து எழுதப்பட்ட மடல்களுள் இதனை விடப் பொருத்தமான தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு இல்லை. கும்பகோணம் அரசினர் கல்லூரியிலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் கணிதம் தவிர்ந்த பாடங்களில் தேறாத அவர், அப்பொழுது சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராக இருந்தார். ஆண்டுக்கு 20 பவுண்டு ஊதியம்.

மடலில் அவர் தம்மைப் பற்றிக் கூறியது சில வரிகளே. பல்கலைக்கழகக் கல்வி இல்லை, பள்ளிக் கல்வி உண்டு, ஓய்வு நேரத்தில் கணிதம் செய்கிறேன் என்பதற்கு மேல் அவர் தமது வறுமையையோ தோல்விகளையோ விரித்துரைக்கவில்லை. உடனே பொருளுக்குச் சென்றுவிடுகிறார். ஆர்டியின் நூலொன்றில், பகா எண்களின் எண்ணிக்கையைத் தரும் திட்டமான கோவை இன்னும் கண்டறியப்படவில்லை என்று படித்ததையும், தாம் அதற்கு ஒன்றைக் கண்டிருப்பதையும் குறிப்பிடுகிறார். அதனைத் தொடர்ந்து பல பக்கங்களுக்குத் தேற்றங்கள் வருகின்றன. பகா எண் பற்றிய அவ்வுரிமைக் கோரல் பிழையானது எனப் பின்னர் தெரியவந்தது. ஆனால் அதனால் அவர் நிராகரிக்கப்படவில்லை.

இதே போன்ற மடல்களை முன்னதாகப் பெற்ற பேக்கர், ஆப்சன் என்னும் இரு கேம்பிரிட்சுக் கணிதவியலாளர்கள் ஊக்கம் அளிக்கவில்லை என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது. நல்ல மடலும் படிப்பவரைப் பொறுத்தே பயன் தரும். ஆர்டி பெப்ரவரியில் மறுமொழி எழுதி நிறுவல்களைக் கேட்டார். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் இராமானுசனுக்கு மாதம் 75 உரூபாய் உதவித்தொகை வழங்கியது. 1914 இல் அவர் இங்கிலாந்து சென்றார்.

ஊரிலிருந்து தலைப்பு: புதுக்கடை

இராமானுசனைப் போன்ற மேதைக்குத்தான் சொல்வதற்குப் பொருள் இருக்கும் என்பதில்லை. ஒரு சிற்றூரிலேயே எத்தனை கேள்விகள் கிடக்கின்றன என்பதைக் காட்டுவதற்குக் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள புதுக்கடைப் பேரூரை எடுத்துக்கொள்ளலாம்.

புதுக்கடையை அடுத்து முஞ்சிறையும் பார்த்திவபுரமும் உள்ளன. ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து மாற்று நிலம் கொடுத்து ஓரிடத்தைப் பெற்றான். அங்குத் திருமாலுக்குக் கோயில் எழுப்பி, அவ்விடத்திற்குப் பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டான். கோயிலுடன் சாலை எனப்பட்ட கல்விநிலையம் ஒன்றையும் காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு நிறுவினான். இச்செய்திகளைத் தரும் செப்பேடுகள் திருவனந்தபுரம் உசூர் அலுவலகத்தில் இருந்தமையால் உசூர் அலுவலகச் செப்பேடுகள் எனப்படுகின்றன. து. அ. கோபிநாத ராவ் இவற்றைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார்.

சாலையில் 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, இடம் இருந்தது. பவிழிய சரணத்தாருக்கு 45, தைத்திரிய சரணத்தாருக்கு 36, தலவகார சரணத்தாருக்கு 14 எனப் பங்கிடப்பட்டது. சேர்வோர் இலக்கணத்திலும் மீமாம்சையிலும் புரோகிதத்திலும் போதிய புலமையும், மூவேந்தர் நாட்டு நடைமுறைகளில் பயிற்சியும் உடையவராக இருத்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வேத சரணங்களைச் சாராதோருக்கு அங்கு இடமே இல்லை. ஆக, கல்லூரியில் சேர என்ன தெரிந்திருக்கவேண்டும், யார் சேரலாம் என்னும் கேள்விகளுக்குப் புதுக்கடை வட்டாரத்தில் கிடைக்கும் எழுத்துச் சான்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. இடப்பங்கீட்டையும் தகுதியையும் இன்றைய சேர்க்கை விதிகளோடு ஒப்பிட விரும்பும் மாணவருக்கு இதுவே ஒரு தலைப்பு.

கணிதத்தில் நாட்டமுள்ளவர் அதே செப்பேட்டில் வேறொன்றைக் காண்பார். அதன் காலம் ஆண்டாக அன்றி, கலியுகம் தொடங்கிய பின் கழிந்த நாட்களாக 1449087 என்று கொடுக்கப்பட்டுள்ளது. இதனைக் கி.பி. ஆண்டாக மாற்றுவது பள்ளி மாணவரால் இயலும். வானியலாளர் பயன்படுத்தும் யூலியன் நாள் எண்ணில் கலியுகத் தொடக்கம், நள்ளிரவுக் கணக்குப்படி, 588465.5 ஆகும். இரண்டையும் கூட்ட 2037552.5 கிடைக்கிறது. இது கி.பி. 866 சூலை 8. எண்ணை ஏழால் வகுத்தால் மீதி மூன்று. கலியுகம் வெள்ளிக்கிழமை தொடங்கியதாகக் கொள்ளப்படுவதால் அந்நாள் திங்கட்கிழமை. தொடக்க நாளைச் சுழியம் என்று எண்ணுவதா, ஒன்று என்று எண்ணுவதா என்பதில் ஒரு நாள் வேறுபடும். நாள் நள்ளிரவில் தொடங்குகிறதா, கதிரவன் எழுகையில் தொடங்குகிறதா என்பது அடுத்த ஐயம். இந்த ஒரு நாள் வேறுபாட்டில் ஒரு வாரம் தலையை உடைத்துக்கொண்ட மாணவர், அறிவார்வம் என்னும் சொல்லைப் பயன்படுத்தாமலே அதனைக் காட்டிவிட முடியும்.

புதுக்கடையின் அண்மைக்கால வரலாறு 1954 ஆகத்து 11 ஆம் நாளோடு பிணைந்தது. தமிழ் பேசும் வட்டங்களைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கக் கோரித் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு நடத்திய போராட்டத்தில் அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. பட்டம் தாணுப்பிள்ளையின் பிரசா சோசலிசுட்டுக் கட்சி ஆட்சி அப்பொழுது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. தம் கட்சியின் அரசே மக்களைச் சுட்டதற்காக அது பதவி விலகவேண்டும் என்று அக்கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா கோரினார். கட்சி இதனை ஏற்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. புதுக்கடையில் தியாகிகளுக்கு நினைவிடம் உள்ளது.

இறந்தோரின் எண்ணிக்கை நூலுக்கு நூல் வேறுபடுகிறது. விண்ணப்பக் கட்டுரைக்குப் போராட்டத்தின் பெருமையை விட இவ்வேறுபாடு சிறந்த தொடக்கம் எனலாம். எவர் கணக்கெடுத்தார், மருத்துவமனையில் பின்னர் இறந்தோர் சேர்க்கப்பட்டனரா, இரு ஊர்களின் பட்டியல்களும் கலந்தனவா என்று தேடுபவர் வரலாற்றறிஞர் செய்யும் வேலையையே செய்கிறார். ஊரின் முதியவர்கள் கூறுவது சான்றாகுமா என்னும் கேள்வியும் அவர் முன் வந்து நிற்கும்.

துயரம் தலைப்பாகுமா

புதுக்கடைக்கு அருகிலுள்ள தேங்காய்ப்பட்டணம், தூத்தூர், சின்னத்துறை முதலிய கடற்கரை ஊர்கள் 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலில் பேரிழப்பைச் சந்தித்தன. இக்கரையோர மீனவர்கள் பல நாட்கள் ஆழ்கடலில் தங்கிச் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். புயல் மிகக் குறுகிய காலத்தில் உருவானது. எச்சரிக்கை வெளியானபோது படகுகள், கரையிலிருந்து வானொலிக் கருவி எட்டாத தொலைவில் இருந்தன.

தந்தையையோ அண்ணனையோ கடலில் இழந்த மாணவர் ஒருவர் அதனை எழுதவேண்டும் என்று பிறர் வற்புறுத்துவது உண்டு. துயரம் படிப்பவரை உருக்கும், இடம் கிடைக்கும் என்பது அவர்கள் எண்ணம். அறிவார்வம் பற்றிய வினாவுக்கு இது விடையாகாது. இழப்பிலிருந்து ஒரு கேள்வி பிறந்து, அக்கேள்வி மாணவரை இழுத்துச் சென்றிருந்தால் மட்டுமே அது பொருந்தும். கரைவானொலி எத்தனை கடல்மைல் எட்டும், அலைகள் புவியின் வளைவைத் தாண்டாதது ஏன், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பினால் படகில் என்ன கருவி வேண்டும் என்று ஒருவர் தேடியிருக்கலாம். அப்போதும் இழப்பைப் பற்றி எவ்வளவு சொல்வது என்பது அவர் உரிமை. ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளலாம், சொல்லாமலும் விடலாம்.

ஊர்ப்பொருள் சிறியதா

உள்ளூர்ப் பொருளை உலகம் மதிக்காது என்னும் அச்சத்திற்குக் கன்னியாகுமரி மாவட்டமே மறுப்பாக உள்ளது. வரலாற்றறிஞர் கே. கே. பிள்ளை தம் சொந்த நாட்டுச் சுசீந்திரம் கோயிலை ஆராய்ந்து நூல் எழுதினார். அந்நூல் 1953 இல் வெளியானது. தேரூரில் பிறந்து பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையைக் கவிஞராகவே பலரும் அறிவர். அவர் கல்வெட்டுகளைப் படித்து, காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆய்வுநூல் எழுதியவர். அவ்வாய்வை எந்தத் தேர்வும் அவரிடம் கேட்கவில்லை.

பள்ளிக் கட்டுரை வடிவம்

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பள்ளியில் கற்ற வடிவம் இங்குத் தடையாகிறது. குறளோடு தொடங்கி, அப்துல் கலாமின் கனவு பற்றிய வாசகத்தைக் கடந்து, நாட்டுக்குத் தொண்டு செய்வேன் என்று முடியும் கட்டுரையில் எழுதியவரின் பெயரை மாற்றினாலும் வேறுபாடு தெரியாது. தலைப்பு சரியானதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதனைப் பற்றி நண்பரிடம் பத்து நிமிடம், தாளைப் பாராமல், பேசிப் பார்க்கவேண்டும். பேச்சு தானாக நீளுமிடமே கட்டுரையின் நடு. இரண்டு நிமிடத்தில் பேச்சு நின்றால் வேறு தலைப்பு தேடலாம்.

தமிழ்வழியில் பயின்றோர் முதல் வரைவைத் தமிழில் எழுதிப் பின்னர் ஆங்கிலத்தில் எழுதுவது பயன் தரும். மொழியைத் திருத்தும் ஆசிரியர், "சிரட்டை" இருந்த இடத்தில் "சேகரிப்புக் கலன்" என்று போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

பிறர் கையும் இயந்திரமும்

கட்டணம் பெற்றுக்கொண்டு கட்டுரை எழுதித் தரும் முகவர்கள் பல நகரங்களில் உள்ளனர். 2022 இறுதியில் சாட்ஜிபிடி வெளியான பிறகு இவ்வேலை செலவின்றியும் நடைபெறுகிறது. பிறர் எழுதியதையோ இயந்திரம் எழுதியதையோ தமது என அனுப்புவதைக் காமன் அப்ளிகேசனும் யூகாசும் மோசடியாகக் கருதுகின்றன. இது ஒருபுறமிருக்க, நேர்காணலில் 1449087 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கப்படும்போது முகவர் உடனிருக்கமாட்டார்.

திறனாய்வு

கட்டுரை மதிப்பெண்ணை விட நேர்மையான அளவுகோல் என்னும் கூற்று ஐயத்திற்குரியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்கு வந்த ஏறத்தாழ 60,000 விண்ணப்பங்களின் கட்டுரைகளை ஆராய்ந்து 2021 இல் வெளியான ஆய்வொன்று, கட்டுரையின் பொருளும் நடையும் குடும்ப வருமானத்தோடு கொண்டுள்ள தொடர்பு, எசு.ஏ.டி தேர்வு மதிப்பெண்ணுக்கும் வருமானத்துக்கும் உள்ள தொடர்பினும் வலுவானது எனக் கண்டது. கோடைப் பயிற்சி முகாம், ஆய்வகப் பணி, வெளிநாட்டுப் பயணம் ஆகியவை வசதியுள்ள மாணவருக்கு ஆயத்தமான தலைப்புகளைத் தந்துவிடுகின்றன. விடியலில் பால் வெட்டிவிட்டுப் பள்ளிக்குச் செல்பவர், தாம் செய்வதில் அறிவுக்குரியது எதுவும் இருப்பதாகவே எண்ணுவதில்லை. அவரிடம் கேட்பதற்கு ஆளும் இல்லை.

காலம்

காமன் அப்ளிகேசன் ஆண்டுதோறும் ஆகத்து 1 அன்று திறக்கப்படுகிறது. முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் நவம்பர் தொடக்கமும், ஏனையவற்றுக்குச் சனவரித் தொடக்கமும் இறுதி நாட்கள். ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு ஆகியவற்றுக்கு யூகாசு வழியே அக்டோபர் நடுவிலேயே அனுப்பிவிட வேண்டும். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு இவை காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளை ஒட்டி வருகின்றன. ஆகவே பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையே தலைப்பைத் தேடுவதற்கு உரிய காலம். பால்வெட்டை அளப்பதானால் அதற்கும் முன்னரே, இலையுதிரும் மாதங்களுக்கு முன்பாகத் தொடங்கவேண்டியிருக்கும்.